இரண்டு கழுதைகளும் ஓர் எறும்பும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு திரைப்படச் சங்கத்தின் தயவில் ராபர்ட் ப்ரெஸ்ஸானின் 'ஓ அஸார் பல்தஸார்' படத்தைப் பார்த்தேன். 1966இல் வந்த பிரெஞ்சுப் படம். பள்ளிக்கூட ஹால், 16 எம்.எம். புரொஜக்டர், ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டு அணைத்தார்கள். ஒரு கழுதை கைக்குக் கை மாறி, உழைத்து, அடிபட்டு, கடைசியில் சாகிறது. அவ்வளவுதான் கதை. படம் முடிந்து டீக்கடையில் நின்றபோது ஒருவர் கேட்டார்: "அந்தக் கழுதை யாரு?" கிறிஸ்து என்றார் ஒரு நண்பர். உழைக்கும் வர்க்கம் என்றார் இன்னொருவர். கூட்டத்தில் சேராமல் தனியே நிற்கிற கலைஞன் என்றேன் நான். அது கழுதை என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று நான் சொன்ன பதிலைப் பற்றிப் பல வருஷங்களாக எனக்கு ஒரு சங்கடம் இருந்துவருகிறது. அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

திரையில் மிருகங்களை வைத்துச் சொல்லப்படும் உருவகக் கதைகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: தனி ஒருவன் கூட்டத்தோடு ஒத்துப்போகாமல் இருக்கிறான், கூட்டம் அவனைத் துரத்துகிறது, கடைசியில் அவனே சரி என்று நிரூபணமாகிறது. எழுத்தாளனுக்கு இது இதமான கதை. நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளும் கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் இதைச் சொல்ல ஏன் மிருகங்கள் வேண்டியிருக்கின்றன? நீதிக்கதையில் நரி என்றால் தந்திரம், சிங்கம் என்றால் அதிகாரம், எறும்பு என்றால் உழைப்பு. எந்த நரியும் நரி என்கிற ஜாதிக்கு மாறாக நடந்துகொள்வதில்லை. நடந்துகொண்டால் கதை நடக்காது. அதாவது நீதிக்கதை என்ற வடிவமே தனித்துவத்தை மறுத்து எழுந்த வடிவம். அந்த வடிவத்தைக் கொண்டு தனித்துவத்துக்காக வாதாடுவதில் அடிப்படையிலேயே ஒரு முரண் இருக்கிறது. இந்த முரணைப் படங்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்ப்பது பயனுள்ளது.

எறும்பை எடுத்துக்கொள்ளலாம். 1934இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் வெட்டுக்கிளியும் எறும்புகளும் கதையைக் குறும்படமாக எடுத்தது. அமெரிக்காவில் பொருளாதார மந்தத்தின் கடுமையான காலம் அது. பழைய கதையில் எறும்பு கதவைத் திறப்பதில்லை. பாடித் திரிந்தது பட்டினி கிடக்கிறது. டிஸ்னி கதவைத் திறந்துவிடுகிறார். குளிரில் விறைத்துப்போன வெட்டுக்கிளியை எறும்புகள் உள்ளே கொண்டுபோய்ச் சூடேற்றுகின்றன. பிறகு எறும்புகளின் ராணி வருகிறாள். வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே இங்கே இடம் என்கிறாள். வெட்டுக்கிளி தலைகுனிந்து கிளம்பத் தயாராகும்போது, பிடிலை எடுத்து வாசி, அதுதான் உன் வேலை என்கிறாள். உலகம் தன்னைக் காப்பாற்றக் கடமைப்பட்டது என்று அதுவரை பாடிவந்த வெட்டுக்கிளி, பாட்டைத் திருப்பிப் போட்டுப் பாடுகிறது. பார்ப்பதற்குக் கருணை மிகுந்த முடிவு. ஆனால் கலைஞனுக்குக் கிடைத்தது சோறு மட்டுமா? அவனுடைய பாட்டின் பொருளை ராணி வாங்கிக்கொண்டுவிட்டாள். பழைய எறும்பு அவனைப் பட்டினி போட்டாலும், அவன் பாட்டை அவனிடமே விட்டுவைத்தது.

அறுபத்துநான்கு வருஷங்களுக்குப் பிறகு, 1998இல், இரண்டு மாத இடைவெளிக்குள் இரண்டு எறும்புப் படங்கள் வெளிவந்தன. ட்ரீம்வொர்க்ஸின் 'ஆன்ட்ஸ்', பிக்ஸாரின் 'எ பக்ஸ் லைஃப்'. இரண்டிலும் கூட்டத்தோடு பொருந்தாத ஓர் எறும்பு, இரண்டிலும் ஓர் இளவரசி, இரண்டிலும் வெளியே போய்த் திரும்பும் பயணம். யாருடைய எண்ணத்தை யார் எடுத்தார்கள் என்று இரு தரப்புக்கும் பகிரங்கமாகவே சண்டை நடந்தது. எல்லோரையும் போல் இராதே என்று போதிக்கிற இரண்டு படங்கள் ஒன்றைப் போல் ஒன்று இருந்ததை ஒரு வேடிக்கை என்று விட்டுவிடலாம். என் அக்கறை அவை முடிகிற விதத்தில்.

'எ பக்ஸ் லைஃப்' தொடக்கத்தில் எறும்புகள் வரிசையாகத் தானியம் சுமந்து போகின்றன. ஓர் இலை வரிசையின் குறுக்கே விழுகிறது. அடுத்த எறும்புக்கு வழி தெரியாமல் பதறிப்போகிறது. கூட்டத்தின் சுயமின்மையைக் காட்ட நல்ல காட்சி. ஃப்ளிக் என்ற எறும்பு மட்டும் அறுவடைக்கு ஒரு கருவி செய்து மாட்டிக்கொண்டு திரிகிறான். அதனால் விபரீதம் நேர்கிறது, அவனை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். படத்தின் முடிவில் அறுவடை நடக்கிறது. இப்போது மற்ற எறும்புகளும் ஃப்ளிக்கின் கருவியை மாட்டிக்கொண்டிருக்கின்றன. வரிசை கலையவில்லை. வரிசைக்குப் புதுச் சீருடை வந்திருக்கிறது.

'ஆன்ட்ஸ்' இதைவிடப் புத்திசாலித்தனமான படம். அதன் நாயகன் ஜீ ஒரு மனநல வைத்தியரிடம் தன் அற்பத்தன்மையைச் சொல்லிப் புலம்புவதில் தொடங்குகிறது. வுடி ஆலனின் குரல். ஜெனரல் ஒருவன் உழைக்கும் எறும்புகளைச் சுரங்கத்தில் நீர் புகுத்திக் கொன்றுவிட்டு, பலசாலிகள் மட்டுமே கொண்ட புற்றை உண்டாக்கத் திட்டமிடுகிறான். கூட்டத்தை வெறுத்து ஓடிப்போன ஜீ திரும்பிவந்து எல்லோரையும் காப்பாற்றுகிறான். எப்படி? எறும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோபுரமாக நின்று மேற்பரப்பை எட்டுகின்றன. தனித்துவத்தைப் பேசவந்த படத்தின் உச்சகட்டம், எறும்பினத்தின் மிகக் கூட்டுத்தன்மையான காரியம். இறுதியில் ஜீ, தான் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவந்துவிட்டதாகவும், இந்த முறை அது தானே தேர்ந்துகொண்ட இடம் என்றும் சொல்கிறான். இது அற்பமான எண்ணம் அல்ல. ஒத்துப்போவதைக்கூட ஒருவன் சுதந்திரமாகச் செய்யலாம் என்பது யோசிக்கத்தக்கது. ஆனால் தேர்வு செய்யும் பாக்கியம் ஜீக்கு மட்டும் கிடைக்கிறது. அவனைத் தாங்கிய கோபுரத்தில் அடியில் நின்ற எறும்பு எதைத் தேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க முடியாது. அது கம்ப்யூட்டர் பெருக்கிப் போட்ட கூட்டம். ஜீ தனியனாகத் தெரிவதற்காக மற்றவை நகல்களாக்கப்பட்டிருக்கின்றன.

இயற்கையில் உழைக்கும் எறும்புகள் அனைத்தும் பெண்கள் என்பதை இரண்டு படங்களுமே கவனிக்கவில்லை. போகட்டும், கதைதானே. ஆனால் இன்னொரு தகவல் எனக்கு முக்கியமாகப்படுகிறது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் டெம்னோதோராக்ஸ் என்ற சிறு எறும்பினத்தை ஆராய்ந்தவர்கள், ஒவ்வோர் எறும்பின் மேலும் தனித்தனியே வர்ணப் புள்ளிகள் இட்டுக் கவனித்தார்கள். கணிசமான எறும்புகள் பெரும்பாலான நேரம் சும்மாவே இருந்தன. 2017இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வின்படி, மும்முரமாக வேலை செய்கிற எறும்புகளை அகற்றியபோது சும்மா இருந்தவற்றில் சில முன்வந்து வேலையை ஏற்றுக்கொண்டன. இதிலிருந்து புதிய நீதிக்கதை ஒன்று செய்யவேண்டாம். உழைப்பின் சின்னமென்று ஈசாப்பிலிருந்து இன்றுவரை சொல்லிவந்த பிராணியைப் பற்றி இவ்வளவு சின்ன உண்மை தெரிய, யாரோ ஒருவர் குனிந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைக்கவேண்டியிருந்தது என்பதுதான் என் கவனத்தில் நிற்கிறது.

பென்குயின் கதையும் இப்படித்தான். 2006இல் வந்த, ஜார்ஜ் மில்லரின் 'ஹாப்பி ஃபீட்' படத்தில் எல்லாப் பேரரசப் பென்குயின்களும் பாடுகின்றன. மம்பிளுக்கு மட்டும் பாட வராது, கால்களால் தாளமிட்டு ஆடத்தான் வரும். மீன் பஞ்சத்துக்கு அவன் ஆட்டமே காரணமென்று மூத்தவர்கள் துரத்திவிடுகிறார்கள். அவன் ஆட்டமே மனிதர்களைக் கவர்ந்து, மீன்பிடிப்பை நிறுத்தவைத்து, இனத்தைக் காப்பாற்றுகிறது. முடிவில் கூட்டம் முழுக்க ஆடுகிறது. ஃப்ளிக்கின் கருவியேதான். உண்மையான பேரரசப் பென்குயின்களுக்குக் கூடு கிடையாது. ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் துணையையும் குஞ்சையும் அவை கண்டுபிடிப்பது குரலை வைத்து. ஒவ்வொன்றின் குரலும் வேறு. அதாவது பனியில் ஒரே மாதிரி நிற்பதாக நமக்குத் தெரிகிற அந்த மந்தையில் ஒவ்வொன்றும் பெயருள்ளது. அந்தக் குரல்களைத்தான் படம் கூட்டத்தின் ஒரே மாதிரித்தனத்துக்கு அடையாளமாக்கியது. தனித்துவத்துக்கு அடையாளமாக ஒரு மனித நாட்டியக்காரரின் கால் அசைவுகளைப் பதிவுசெய்து பென்குயினுக்கு மாட்டியது.

இந்தப் படங்கள் தனித்துவத்தை ஆதரிப்பதாகச் சொன்னாலும், அவை விதிக்கும் நிபந்தனை ஒன்று உண்டு. வித்தியாசமானவன் பயன்படுகிறவனாக இருக்கவேண்டும், அந்தப் பயன் அவன் வாழ்நாளிலேயே நிரூபணமாகவேண்டும், கூட்டம் கைதட்டவேண்டும். பாடவும் வராமல் ஆடவும் வராமல், யாரையும் காப்பாற்றாமல், வெறுமனே வேறாக இருக்கிற பென்குயினை என்ன செய்வது? படத்தில் அதற்கு இடமில்லை. ராணி 1934இல் சொன்ன வார்த்தை மாறவேயில்லை.

இந்த நிபந்தனைக்கு உட்படாத ஒரு மிருகம் உருவகக் கதைக்குள்ளேயே உண்டு. 1945இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' நாவலின் கழுதை பெஞ்சமின். பன்றிகளைப் போலவே அதற்கும் நன்றாக எழுத்துத் தெரியும். ஆனால் படிப்பதில்லை. படிக்கத்தக்கதாக எதுவும் இல்லை என்பது அதன் எண்ணம். புரட்சியிலும் மயங்குவதில்லை, புரட்சியின் சரிவிலும் வியப்பதில்லை. கூட்டத்தில் சேராத ஒரே ஜீவன். சுவரில் எழுதிய கட்டளைகளைப் பன்றிகள் ரகசியமாகத் திருத்தும்போது, அங்கே என்ன எழுதியிருக்கிறதென்று படித்துச் சொல்லும்படி க்ளோவர் என்ற குதிரை கேட்கிறது. இதிலெல்லாம் தலையிடுவதில்லை என்று பெஞ்சமின் மறுத்துவிடுகிறது. அது வாய்திறப்பது, நண்பன் பாக்ஸரை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பும்போது. வண்டியின் மேல் குதிரைகளைக் கொல்கிறவனின் பெயர் எழுதியிருக்கிறது. பெஞ்சமின் ஓடிவந்து அதை உரக்கப் படிக்கிறது. வண்டி போய்விடுகிறது.

1954இல் ஹாலஸ், பாட்செலர் தம்பதியர் இதை லண்டனில் கார்ட்டூன் படமாக்கினார்கள். அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் பணம் இதன் பின்னால் இருந்தது பல வருஷங்கள் கழித்து ஆதாரங்களோடு வெளிவந்தது. ஆர்வெல் 1950இலேயே இறந்துவிட்டார். நாவல், பன்றியையும் மனிதனையும் வேறுபடுத்த முடியாமல் விலங்குகள் ஜன்னலுக்கு வெளியே நிற்பதில் முடிகிறது. படத்தில் அந்த விருந்திலிருந்து மனிதர்கள் எடுக்கப்பட்டுவிட்டார்கள். பன்றிகள் மட்டும். விலங்குகள் இரண்டாம் முறை கிளர்ந்தெழுந்து பன்றிகளை வீழ்த்துகின்றன. தலைமை தாங்குவது பெஞ்சமின். எல்லா விலங்குகளுக்கும் குரல் கொடுத்தவர் மாரிஸ் டென்ஹம் என்ற ஒரே நடிகர் என்பது படத்துக்கே தெரியாமல் அமைந்த விமர்சனம்.

முடிவை மாற்றியதில் அரசியல் மோசடி இருப்பதைப் பலரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது பெஞ்சமினுக்கு நேர்ந்தது. நாவலில் அந்தக் கழுதைக்கு ஒரு குற்றம் இருந்தது. தனியாக நிற்பதையே கௌரவமாக நினைத்து, தனக்கு மட்டும் தெரிந்ததைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. படம் அந்தக் குற்றத்தைத் துடைத்து அதை வீரனாக்கிவிட்டது. பெஞ்சமின்களுக்கு இதைவிட வசதியான படம் இருக்க முடியாது.

நான் ஒரு பெஞ்சமின். இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. பல்தஸார் பார்த்த நாட்களில் நான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. அங்கிருந்தவர்களை மந்தை என்று மனதுக்குள் குறித்துவைத்திருந்தேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேஜை டிராயருக்குள் கவிதை எழுதிக்கொண்டிருப்பேன். அந்தச் சமயத்தில் ஒரு பியூன்மேல் ஒரு குற்றச்சாட்டு வந்தது. ஃபைல் என் மேஜை வழியாகப் போனது. தேதிகள் திருத்தப்பட்டிருந்ததைப் பார்த்தேன். அன்று அவர் விடுப்பில் இருந்ததும் எனக்குத் தெரியும். ஒரு மத்தியானம் அவர் நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். "சார், இங்கிலீஷ்ல எழுதியிருக்காங்க. என்னதான் சார் எழுதியிருக்கு? ஃபைலு உங்ககிட்டதான வந்தது?" என்று கேட்டார். காகிதத்தை வாங்கிப் பார்த்து, விளக்கம் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றேன். ஃபைலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். மந்தையின் சச்சரவுகளில் நான் தலையிடுவதில்லை என்பது என் கொள்கையாக இருந்தது. அவருக்கு வேலை போயிற்று. அதே மாதம் தனிமனித சுதந்திரம் பற்றி நான் எழுதிய ஒரு கட்டுரை அச்சாகி வந்தது. நண்பர்கள் பாராட்டினார்கள்.

அலுவலகத்தில் இருந்த மற்றவர்களும் பேசவில்லைதான். அவர்கள் பயத்தால் மௌனமாக இருந்தார்கள், நான் தனித்துவத்தால் மௌனமாக இருந்தேன். அந்த மனிதரின் தரப்பிலிருந்து பார்த்தால் இரண்டு மௌனங்களுக்கும் என்ன வித்தியாசம்? ஒத்துப்போதலுக்கு எதிர்ப்பதம் விலகி நிற்பது என்று நான் நம்பியிருந்தேன். விலகி நிற்கிறவனைப்போல அதிகாரத்துக்கு இடைஞ்சல் தராதவன் யாரும் இல்லை. நம் சிறிய வட்டத்திலும், ஐம்பது பேர் படிக்கிற பத்திரிகையிலும், கூட்டத்தை இகழ்வது ஒரு சீருடையாகிவிட முடியும். ஆகிவிட்டிருக்கிறது என்றே சொல்வேன்.

இந்த இடத்தில்தான் ப்ரெஸ்ஸானின் கழுதை மீண்டும் என் முன் வந்து நிற்கிறது. பல்தஸாருக்குக் கொள்கை கிடையாது. அது யாரையும் காப்பாற்றுவதில்லை, யாராலும் பாராட்டப்படுவதில்லை. ஒரு சர்க்கஸில் அதற்குக் கணக்குப் போடும் வித்தை பழக்குகிறார்கள், கைதட்டல் கிடைக்கிறது. மற்ற படங்களில் அதுதான் உச்சகட்டமாகியிருக்கும். இங்கே அது இன்னொரு வேலை, அவ்வளவே. அதற்கு முன் தீவனம் இழுத்துக்கொண்டு கூண்டுகளின் ஓரமாகப் போகிறது. ஒரு புலி, ஒரு பனிக்கரடி, ஒரு குரங்கு, ஒரு யானை. ஒவ்வொன்றின் முன்பும் நிற்கிறது. அவை பார்க்கின்றன, இதுவும் பார்க்கிறது. அந்தப் பார்வைகளுக்கு என்ன அர்த்தமென்று படம் சொல்வதில்லை. சொல்லாததால் புலி வீரமாகவில்லை, குரங்கு சேஷ்டையாகவில்லை. ஒரு புலி, ஒரு குரங்கு.

கழுதையைச் சின்னமாக்கும் ஆசை படத்துக்குள்ளேயே இருக்கிறது. அது ஒரு மகான் என்று ஒரு பெண்மணி சொல்கிறாள். அப்படிச் சொன்னதால் அதற்கு எந்தப் பாதுகாப்பும் கிடைத்துவிடவில்லை. கடத்தல் சரக்கை ஏற்றி எல்லைக்கு ஓட்டிப்போகிறார்கள், குண்டு படுகிறது. மறுநாள் காலை மலைச்சரிவில் அது படுத்திருக்கும்போது ஓர் ஆட்டு மந்தை மணிச்சத்தத்தோடு வந்து சூழ்ந்துகொள்கிறது. ஆட்டு மந்தை! ஒத்துப்போதலுக்கு இதைவிடத் தேய்ந்த சின்னம் உண்டா? ஆனால் அந்தக் காட்சியில் ஆடுகள் இகழ்ச்சிக்குரியவையாக இல்லை. கழுதை அவற்றைவிட உயர்ந்ததாகவும் இல்லை. கொஞ்ச நேரம் அருகில் இருக்கின்றன. பிறகு போய்விடுகின்றன. கழுதை தனியாகக் கிடக்கிறது.

ஜீ, ஃப்ளிக், மம்பிள் மூவருக்கும் தனித்துவம் அவர்களிடம் இருக்கிற சரக்கு. காட்டினால் விலை போகும். பல்தஸாரிடம் அப்படி எதுவும் இல்லை. கேமரா ஒன்றரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் அது வேறெந்தக் கழுதையும் அல்லாத ஒரு கழுதையாயிற்று. ஒரு ஜீவன் தனியொன்று என்பதை அது உரத்துச் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. பார்க்கிறவன் போதிய அளவு பார்த்திருக்கிறானா என்பதும் கேள்வி. எறும்பின் மேல் புள்ளி வைத்தவர்கள் செய்ததும் அதுதான். அலுவலகத்தில் நான் செய்யாததும் அதுதான். என் தனித்துவத்தைக் காப்பதில் இருந்த மும்முரத்தில் எதிரே நின்றவர் எனக்குக் கும்பலில் ஒருவராகவே தெரிந்தார்.

அன்று டீக்கடையில் கழுதை கலைஞன் என்று சொன்னபோது, அதில் என்னையே பார்த்துக்கொண்டேன் என்பது இப்போது தெரிகிறது. அடிபடுகிற, புரிந்துகொள்ளப்படாத, தனித்த நான். அந்தப் படத்திலிருந்து ஏதாவது ஒரு உயிரை நான் என் அலுவலகத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டுமானால், காகிதத்தோடு என் மேஜை முன் நின்றவரிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். அப்போதும் அவரைப் பல்தஸார் என்று அழைத்துப் பயனில்லை. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது எனக்குத் தெரியும். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதும் தெரியும்.